அக்கா எண்ணாமல் விட்ட டம்ளர்கள்



சித்திரை பிறந்த வாரத்தில் செகந்திராபாத் போயிருந்தேன். பத்மாராவ் நகரில் அக்கா வீடு. ஸ்கந்தகிரி முருகன் கோவிலுக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். ரயில்வேயில் வேலை பார்த்த அத்தானைக் கட்டிக்கொண்டு அங்கே போனவள். நாற்பது வருஷம் ஓடிவிட்டது. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திட்டி உருதுவில் சமாதானம் பேசுவாள். கதவைத் திறந்தபோது அவள் கையில் ஒரு லிட்டர் பாட்டில் இருந்தது. பாட்டிலின் பக்கவாட்டில் கோடு கோடாக மணி அச்சிட்டிருந்தது. ஏழு மணிக்கு இந்தக் கோடு வரை, ஒன்பது மணிக்கு அடுத்த கோடு வரை என்று.

"அஞ்சு லிட்டர்டி. ரெண்டு மாசமா ஒரு நாள் தவறல" என்றாள், செருப்பைக்கூட நான் கழற்றவில்லை.

முழங்கால் வலிக்குப் போன இடத்தில் எட்டுக் கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அறுபத்தோரு வயதில் ஓடவா முடியும்? வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருக்கிறது: தினமும் ஐந்து லிட்டர் தண்ணீர் குடித்தால் கொழுப்பு கரைந்து ஓடிவிடும். அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. செலவில்லை, வலியில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு சின்ன நோட்டை நூல் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு கோடு போட்டுவந்தாள். நான்கு கோடு நெட்டுக்கு, ஐந்தாவது குறுக்கே. பால்காரர் கணக்கு மாதிரி பக்கம் பக்கமாக இருந்தது.

நான் போன நான்காம் நாள் காலை அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. தலைசுற்றல், வாந்தி. அதைவிட என்னைப் பயமுறுத்தியது பேச்சுக் குழறல். பக்கவாதமோ என்று பதறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தப் பரிசோதனை வந்தது. 135-க்குக் கீழே போகக்கூடாத சோடியம் அவளுக்கு 121. டாக்டர் முதலில் கேட்ட கேள்வி: "ரோஜுக்கி எந்த நீள்ளு தாகுதுன்னாரம்மா?" ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்? அந்த மயக்கத்திலும் அக்கா விரல் ஐந்தையும் விரித்துக் காட்டினாள். அதில் ஒரு பெருமை இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

இரண்டு ராத்திரி படுக்கையில் இருந்தாள். பிழைத்து வந்தாள், இப்போது நன்றாக இருக்கிறாள். அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். "எழுது, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள்.

நடந்தது என்னவென்றால், அக்கா பல வருஷமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். அதில் நாம் நீர் மாத்திரை என்று சொல்கிற மருந்தும் சேர்ந்திருக்கிறது. உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே வெளியேற்றுவது அதன் வேலை. ஒரு பக்கம் உப்பு போய்க்கொண்டிருக்க, மறுபக்கம் இவள் வெறும் தண்ணீராக ஊற்றிக்கொண்டே இருந்தாள். எடை குறைக்க வேண்டுமென்று சோற்றையும் குறைத்துவிட்டதால் சாப்பாட்டு வழியே வரும் உப்பும் குறைந்துவிட்டது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் மூளையின் செல்கள் வீங்க ஆரம்பிக்கும். பேச்சு குழறியது அதனால்தான். ஆரோக்கியமான சிறுநீரகமே மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு மேல் நீரை வெளியேற்றத் திணறும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வழியெல்லாம் நிறையத் தண்ணீர் குடித்து, ஓட்டம் முடிந்தபோது எடை கூடியிருந்தவர்களே அவர்களில் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் ஓட்டக்காரர்கள். மாத்திரை போடுகிற அறுபது வயதுப் பெண்ணின் கதி எப்படி இருக்கும்?

அக்கா வீட்டுக்கு வந்தபிறகு, இந்த ஐந்து லிட்டர் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேட வேண்டிய இடம் பக்கத்திலேயே இருந்தது. பத்மாராவ் நகரிலிருந்து கொஞ்ச தூரத்தில் தார்நாகா. அங்கே உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இந்தியர்கள் என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று நாட்டுக்கே சொல்கிற இடம்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த நிறுவனத்தின் பூர்வீகம் தெரிந்தால் சந்தோஷமாக இருக்கும். அது பிறந்தது நம் நீலகிரியில். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், பெரிபெரி நோயை ஆராய்வதற்கென்று ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958-இல் மலையிறங்கி ஹைதராபாத்துக்குப் போனது. 1969-இல் இன்றைய பெயரைப் பெற்றது. அதே 1918-இல் சேலத்தில் பிறந்தவர் டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் வேலையைத் தொடங்கி, ஹைதராபாத்தில் பல வருஷம் இயக்குநராக இருந்து, நூறு வயதைக் கடந்து 2019-இல் மறைந்தார். அவர் காலத்தில் அங்கே எல்லாருடைய கவலையும் பசியும் ஊட்டக்குறைவும்தான். நம் அரிசியிலும் பருப்பிலும் கீரையிலும் என்ன சத்து இருக்கிறது என்று அட்டவணை போட்டு 1971-இல் வெளிவந்த நூலைப் புரட்டாத டயட்டீஷியன் இந்தியாவில் இருக்கமாட்டார்.

இன்று அதே நிறுவனத்தின் கவலை இரட்டிப்பாகிவிட்டது. மெலிந்த குழந்தைகள் ஒரு பக்கம், வயிறு பெருத்த பெற்றோர் மறுபக்கம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தெலங்கானாவில் நூறு பெண்களில் முப்பது பேர் அதிக எடை கொண்டவர்கள் என்கிறது. தமிழ்நாட்டில் அது நாற்பது! ஆண்களும் குறைவில்லை, நம்மூரில் நூற்றுக்கு முப்பத்தேழு பேர். 2024 மே மாதம் இந்நிறுவனம் திருத்தி வெளியிட்ட உணவு வழிகாட்டி நூலில் பதினேழு அறிவுரைகள் இருக்கின்றன. வயிற்றுப் பருமனைத் தடுப்பது அவற்றில் ஒன்று, போதிய தண்ணீர் குடிப்பது இன்னொன்று. எட்டு டம்ளர், அதாவது சுமார் இரண்டு லிட்டர் என்பதுதான் இந்நிறுவனம் நெடுநாளாகச் சொல்லிவரும் அளவு. வெயிலிலும் கடும் உழைப்பிலும் கூடும். அங்கே ஐந்து லிட்டர் எந்த மூலையிலும் இல்லை.

அந்த எட்டு டம்ளருக்கும் ஒரு கதை உண்டு. 1945-இல் அமெரிக்காவின் உணவு ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் தேவை என்று எழுதியது. அதை அடுத்தே, இதில் பெரும்பகுதி நாம் சாப்பிடும் உணவிலேயே கிடைத்துவிடுகிறது என்றும் எழுதியது. முதல் வாக்கியம் உலகம் சுற்றியது, இரண்டாவது வாக்கியம் அங்கேயே தங்கிவிட்டது. 2002-இல் ஹைன்ஸ் வால்ட்டின் என்ற சிறுநீரக அறிஞர், எல்லாரும் எட்டு டம்ளர் குடித்தே ஆகவேண்டும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இல்லை என்று எழுதினார். 2022-இல் 23 நாடுகளில் 5,604 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று, உடல் அளவு, உழைப்பு, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றுக்கு ஏற்ப ஆளுக்கு ஆள் நீர்த்தேவை மாறுகிறது என்று காட்டியது. குன்னூர் குளிரில் வங்கியில் உட்கார்ந்திருப்பவருக்கும் மே மாதம் மெஹ்திப்பட்டணத்தில் சாரம் கட்டுபவருக்கும் ஒரே கணக்கு எப்படி ஒத்துவரும்? எட்டு டம்ளரைத் தோராயமான வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் பொதுவாக உடம்புக்குப் போதுமான நீர் கிடைக்கிறது, அடர்ந்த மஞ்சள் என்றால் இன்னும் குடிக்கவேண்டும். வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இந்த நிறக் கணக்கு பொருந்தாது.

சரி, தண்ணீர் எடையைக் குறைக்குமா, குறைக்காதா?

கொழுப்பைக் கரைக்கும் சக்தி தண்ணீருக்குக் கிடையாது. குளிர்ந்த நீரைக் குடித்தால் அதைச் சூடாக்க உடம்பு கலோரியைச் செலவழிக்கும் என்பார்கள். உண்மைதான், எவ்வளவு என்று பார்ப்போம். ஏழு டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் நீரை உடம்பின் முப்பத்தேழு டிகிரிக்குக் கொண்டுவர 15 கலோரி போதும். ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் 20 கலோரி இருக்கிறது. அரை லிட்டர் ஐஸ் தண்ணீரைப் பல் கூசக் குடித்துக் கிடைப்பது, டீயில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கலக்கும்போதே போய்விடும். 2003-இல் பெர்லினில் செய்த ஓர் ஆய்வு, அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் உடம்பின் கலோரிச் செலவு முப்பது சதவீதம் ஏறுகிறது என்றது. பத்திரிகைகள் எல்லாம் அதைக் கொண்டாடின. பிறகு செய்து பார்த்தவர்களுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடிப்பவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும்: ஒரு மேசைக்கரண்டி தேனில் அறுபது கலோரிக்கு மேல் இருக்கிறது. பிடித்தால் குடியுங்கள், இளைக்கும் மருந்து என்று மட்டும் நம்பவேண்டாம்.

ஆனால் தண்ணீருக்கு வேறொரு வழியில் பலன் உண்டு. 2010-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஐம்பத்தைந்து முதல் எழுபத்தைந்து வயது வரையிலான பருமனானவர்களை இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவுக்கும் கலோரி குறைந்த உணவுதான். ஒரு பிரிவு மட்டும் மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடித்தது. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், தண்ணீர் குடித்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு கிலோ கூடுதலாக இளைத்திருந்தார்கள். 2015-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இதேபோல் 84 பேரை வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் 1.3 கிலோ. வயிற்றில் ஏற்கெனவே கொஞ்சம் இடம் நிறைந்திருப்பதால் சாப்பாடு குறைகிறது, அவ்வளவுதான். இளவயதினரிடம் இந்தப் பலன் குறைவு. மூன்று மாதத்தில் ஒன்று, இரண்டு கிலோ என்பது சின்ன உதவிதான். உதவியை உதவியாகவே வைத்துக்கொள்வோம்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இன்னும் பழையது. 1999-இல் பென்சில்வேனியாவில் பார்பரா ரோல்ஸ் என்ற பேராசிரியை செய்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பெண்களுக்குக் கோழியும் சோறும் காய்கறியும் சேர்ந்த ஒரு பண்டத்தைக் கொடுத்தார். ஒரு நாள் அதை அப்படியே கொடுத்தார். இன்னொரு நாள் அதோடு குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர். மூன்றாம் நாள் அதே பண்டத்தில் அதே அளவு தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்துச் சூப்பாகக் கொடுத்தார். பொருளும் ஒன்று, கலோரியும் ஒன்று. சூப் குடித்த நாளில் அந்தப் பெண்கள் மதியச் சாப்பாட்டில் சுமார் நூறு கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். தண்ணீரைத் தனியாகக் குடித்த நாளில் அந்தக் குறைவு இல்லை. உணவோடு சேர்ந்து வெந்த நீர்தான் வயிற்றுக்கு நிறைவைத் தந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ரசம்தான் நினைவுக்கு வந்தது. ரசம், சாம்பார், கொள்ளு ரசம், நீர்மோர், நீராகாரம், கேழ்வரகுக் கூழ். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியில் கொள்ளின் பெருமையைச் சொல்வார்கள். அந்தக் கொள்ளை நம் அம்மாக்கள் எப்படிச் சமைத்தார்கள்? வேகவைத்த தண்ணீரை வடித்து ரசம் வைத்தார்கள். தெலுங்கு வீடுகளில் பப்பு சாரு, மஜ்ஜிக. நம் இலையில் விழும் வெந்த சோற்றிலேயே மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். வெள்ளரி, சுரைக்காய், வெண்பூசணி ஆகியவை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நீர். சாப்பாட்டுக்கு முன் ஒரு கிண்ணம் ரசம் குடித்துவிட்டு உட்காருவது எந்த டயட்டிலும் சேர்க்கத் தகுந்த வழி. உப்பை மட்டும் அளவாகப் போடுங்கள்.

அக்கா வீட்டில் நான் பார்த்தது இதற்கு நேர்மாறு. "சோறு சாப்பிட்டாத்தானே ரசம் வேணும்" என்று ரசத்தையும் மோரையும் நிறுத்தியிருந்தாள். மதியம் இரண்டு சப்பாத்தி, உலர்ந்த கறி. அதோடு பாட்டில் தண்ணீர். உணவுக்குள் இருந்த நீரை வெளியே தள்ளிவிட்டு, அதையே பாட்டிலில் ஊற்றிக் கணக்கு வைத்திருக்கிறாள்!

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் சாயங்காலம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது அத்தான் தெருமுனைக் கடையிலிருந்து பிளாஸ்கில் இரானி சாய் வாங்கிவந்தார். ஹைதராபாத்தில் இருந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். கடையில் இரண்டு பாத்திரம் அடுப்பில் இருக்கும். ஒன்றில் மணிக்கணக்காக மூடிவைத்து இறக்கிய டிகாக்ஷன், இன்னொன்றில் சுண்டிச் சுண்டி ஆடை படிந்த பால். குட்டிக் கோப்பையில் பாலை முதலில் விட்டு, மேலே டிகாக்ஷனை ஊற்றுவார்கள். பக்கத்தில் தட்டில் உஸ்மானியா பிஸ்கட், கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் உப்பு, வாயில் போட்டால் கரையும். அந்தச் சாய் இல்லாமல் அந்த ஊர் விடியாது, அஸ்தமிக்காது. அக்கா கோப்பையைக் கையில் வாங்கியதும் கேட்டேன்: "ஒரு நாளைக்கு எத்தனை?"

"நாலு. சில நாள் அஞ்சு. அது தண்ணி இல்லையே, சாய்தானே."

நோட்டில் ஐந்து லிட்டருக்கும் கோடு இருந்தது. நான்கு சாய்க்கு ஒரு கோடும் இல்லை.

நான் அவள் முன்னாலேயே கணக்குப் போட்டேன். கோப்பைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, நான்கு கோப்பைக்கு எட்டுக் கரண்டி. கரண்டிக்கு ஐந்து கிராம் என்றால் நாற்பது கிராம். உலகச் சுகாதார நிறுவனம் நாள் முழுதுக்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. நாற்பது கிராம் சர்க்கரை என்றால் 160 கலோரி. அக்கா காலையில் உஸ்மானியா வளாகத்தில் மூச்சு வாங்க அரைமணி நேரம் நடக்கிறாளே, அதில் செலவாவதும் ஏறக்குறைய இவ்வளவுதான். நான் இன்னும் பாலையும் பிஸ்கட்டையும் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கைப் பார்த்து அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை.

வாசகர்களே, எடையைப் பொறுத்தவரை தண்ணீரைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான். எத்தனை லிட்டர் என்பதைவிட, எதன் இடத்தில் அந்தத் தண்ணீர் வந்தது என்று பாருங்கள். நான்கு சாயில் இரண்டின் இடத்தில் தண்ணீர் வந்தால் அது எடையைக் குறைக்கும். ஒரு பாட்டில் கோலாவின் இடத்தில் வந்தால் இன்னும் அதிகம் குறைக்கும், ஏனென்றால் 300 மில்லி கோலாவில் முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை. எதன் இடத்திலும் வராமல், எல்லாவற்றுக்கும் மேலாகப் போய் நின்றால் கழிப்பறைக்கு நடப்பதுதான் மிச்சம். அக்காவுக்கு அதைவிட மோசமாக நடந்தது. இன்னொன்று: சாயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தவிர்க்கச் சொல்கிறது தார்நாகா நிறுவனம், இரும்புச்சத்து உடம்பில் சேருவதை டீயும் காபியும் தடுப்பதால். ரத்தசோகை வீட்டுக்கு வீடு இருக்கும் நம் பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

தண்ணீர் மாதிரியே வேஷம் போட்டு வரும் சர்க்கரையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதற்கு எதிரான போராட்டம் நடந்ததும் இதே ஹைதராபாத்தில்தான். வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்த மூன்றெழுத்தைப் பெயரோடு ஒட்டிக்கொண்டு, சின்ன அட்டைப்பெட்டிகளில், மருந்துக்கடைகளிலேயே இனிப்புப் பானங்கள் விற்றன. சிலவற்றில் லிட்டருக்கு நூறு கிராமைத் தாண்டிய சர்க்கரை இருக்கிறது என்று சுட்டிக்காட்டினார் ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ். அவ்வளவு சர்க்கரை போக்கை இன்னும் அதிகமாக்கும். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அவர் விடவில்லை. கடிதம் எழுதினார், தெலங்கானா உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார், காணொளிகளில் தாய்மாரிடம் மன்றாடினார். 2022-இல் தடை வந்து, சில மாதத்தில் தளர்ந்தது. 2025 அக்டோபரில்தான், உரிய அளவில் தயாரிக்கப்படாத எந்தப் பானமும் அந்த எழுத்துகளைப் பெயரில் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. செய்தி வந்த அன்று காணொளியில் அந்த மருத்துவர் அழுதுவிட்டார். நோயில்லாத பெரியவர்கள் "எனர்ஜி வரும்" என்று அந்தப் பெட்டிகளை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இளைப்பதற்காக நடந்துவிட்டு, பூங்கா வாசலில் அதை உறிஞ்சியவர்களும் உண்டு. பெட்டியைத் திருப்பி, சர்க்கரை எத்தனை கிராம் என்று படிக்கும் பழக்கத்தை அந்த மருத்துவருக்கு நாம் செலுத்தும் நன்றியாக வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை அதிகம் குடித்தவர்களைப் பற்றிப் பேசினேன். குடிக்கவே முடியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகமாக மனசு கஷ்டப்படுகிறது. ஹைதராபாத் அபிட்ஸ் கடைத்தெருவானாலும் சென்னை தியாகராய நகரானாலும், காலை பத்து மணிக்குக் கடைக்குள் நுழைந்து ராத்திரி ஒன்பதுக்கு வெளியே வருகிற விற்பனைப் பெண்களைக் கேட்டுப்பாருங்கள். தாகம் எடுத்தாலும் குடிக்கமாட்டார்கள். கழிப்பறை எங்கோ ஐந்தாவது மாடியில் இருக்கும், போனால் மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். உட்காரும் உரிமையைத் தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் கொடுத்தது. தண்ணீர் குடித்துவிட்டு நிம்மதியாகக் கழிப்பறைக்குப் போய்வரும் உரிமை எத்தனை கடைகளில் இருக்கிறது? பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். கேரளத்தில் 2019-இல், பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே தண்ணீர் மணி அடிக்க ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 2025-இல் வந்தது, ஒரு நாளைக்கு மூன்று முறை. மிக நல்ல காரியம். மணி அடிக்கிற பள்ளியில் சுத்தமான கழிப்பறையும் இருந்தால்தான் பெண்குழந்தைகள் பாட்டிலைத் திறப்பார்கள். அம்மாக்கள் சாயங்காலம் பிள்ளைகளின் பாட்டிலைக் குலுக்கிப் பாருங்கள். நிறைந்தபடியே திரும்பி வந்தால், திட்டாமல் காரணம் கேளுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இதயம் பலவீனமானவர்கள், அக்காவைப்போல நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோர் எவ்வளவு குடிக்கலாம் என்பதை அவரவர் மருத்துவர்தான் சொல்லவேண்டும். வாட்ஸ்அப்பும் சொல்லக்கூடாது, இந்தப் பக்கமும் சொல்லக்கூடாது. அதேபோல, கோடையில் வெயிலில் வேலை செய்பவர்களும் வயதானவர்களும் எடைக்குப் பயந்தோ கழிப்பறைக்குப் பயந்தோ தண்ணீரைக் குறைப்பது ஆபத்து. வயதாக ஆகத் தாகம் மங்கும், நாக்கு வறண்டதுகூடத் தெரியாது. அப்பா அம்மாவுக்கு நாம்தான் டம்ளரை நீட்டவேண்டும்.

ஹைதராபாத்காரர்கள் தங்கள் தண்ணீரின்மேல் வைத்திருக்கும் பாசத்தைச் சொல்லாமல் முடிக்க மனசில்லை. 1908 செப்டம்பரில் மூசி நதி பொங்கி ஆயிரக்கணக்கான பேரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு நிஜாம் அரசு கட்டிய உஸ்மான் சாகர் 1920-இல் முடிந்தது. ஊர்க்காரர்களுக்கு அது கண்டிப்பேட்டை ஏரி. கண்டிப்பேட்டைத் தண்ணீரைக் குடித்தவன் இந்த ஊரை விட்டுப் போகமாட்டான் என்று அங்கே சொல்வார்கள். அக்காவும் சொல்வாள். இன்று நகரத்தின் குழாய்களில் பெரும்பாலும் கிருஷ்ணாவும் கோதாவரியும் மஞ்சீராவும் வருகின்றன. வசனம் மட்டும் மாறவில்லை. கோடை வந்தால் தெருமுனைகளில் ஓலைப் பந்தல் போட்டு, சிவப்புத் துணி சுற்றிய மண்பானைகளை வரிசையாக வைத்துவிடுவார்கள். சலிவேந்திரம் என்று பெயர். நம் தண்ணீர்ப் பந்தல்தான் அது. நான் கிளம்பிய அன்று பத்மாராவ் நகர்ப் பந்தலில் ஒரு ஆட்டோ டிரைவர் இரண்டு டம்ளர் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, மூன்றாவதை முகத்தில் அறைந்துகொண்டு போனார். அவருக்கு அது போதும். எந்தப் பாட்டிலிலும் மணி அச்சிடவேண்டியதில்லை.

அக்கா வீட்டில் நோட்டு இன்னும் தொங்குகிறது. இப்போது பக்கத்தின் நடுவே ஒரு கோடு இழுத்திருக்கிறாள். இடப்பக்கம் தண்ணீர், மோர், ரசம். வலப்பக்கம் சாய், ஜூஸ், மற்றதெல்லாம். டாக்டர் சொன்னபடி இரண்டு லிட்டருக்குள் நிற்கிறாள். சாய் இரண்டாகிவிட்டது, கோப்பைக்கு ஒரு கரண்டி. போன வாரம் தொலைபேசியில் சொன்னாள், மூன்று மாதத்தில் இரண்டே கால் கிலோ குறைந்திருக்கிறதாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஏதாவது ஒரு நாள், காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை உங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் குடிப்பதையெல்லாம் அக்கா மாதிரி இரண்டு பக்கமாக எழுதிவையுங்கள். காபி, டீ, சர்பத், பாயசத்தின் பால், பிள்ளைகளின் பெட்டிப் பானம், எதையும் விடாதீர்கள். சர்க்கரை எத்தனை கரண்டி என்றும் குறியுங்கள். எழுதியதை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் ஒரு உணவியல் நிபுணரை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் எழுதுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்